தாடைக்குள் இருந்த சாட்சி

கடைவாயில் பல் இல்லாத இடத்தில் இம்ப்ளான்ட் வைப்பதற்கு முன், எலும்பு எவ்வளவு இருக்கிறது, நரம்பு எங்கே ஓடுகிறது என்று ஸ்கேன் எடுத்துப் பார்க்க வேண்டும் என்றார் மூலக்குளத்துப் பல் டாக்டர். பக்கத்து அறையில் என்னை நிற்க வைத்து, முன்பல்லால் ஒரு பிளாஸ்டிக் குச்சியைக் கடிக்கச் சொல்லி, தலையை இருபுறமும் இறுக்கினார்கள். ஓட நினைத்தால் தலையைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் ஓட வேண்டும்.

"அசையாதீங்க சார். எச்சில் முழுங்காதீங்க" என்றாள் ஸ்கேன் எடுக்கிற பெண். அவள் சொல்லாமல் இருந்திருந்தால் எனக்கு எச்சிலே ஊறியிருக்காது. இயந்திரம் என் முகத்தைச் சுற்றி வந்தது. கண்ணாடிக்கு அப்பால் என் மனைவி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு டாக்டர் எங்கள் இருவரையும் உட்கார வைத்து, படத்தைத் திரையில் பெரிதாக்கினார்.

"உள்ள வேர் துண்டு ஒண்ணு நிக்குதே. பல்லு புடுங்கினவங்க பாதியில விட்டுட்டாங்களா?"

அவர்கள் விடவில்லை. ஆறு வருடத்துக்கு முன் வேறொரு கிளினிக்கில் பல் பாதியில் உடைந்ததும், வாய் கொப்பளிக்க வேண்டும் என்று சைகை காட்டி எழுந்து, அப்படியே தெருவில் இறங்கி வீட்டுக்கு வந்தவன் நான். முழுசாக எடுத்தாயிற்று என்று மனைவியிடம் சொன்னேன். இரண்டு நாள் கஞ்சி வைத்துக் கொடுத்தாள்.

இப்போது அவள் திரையைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள். என் தலையை யாரும் இறுக்கிப் பிடிக்கவில்லை, ஆனாலும் அவள் பக்கம் திருப்ப முடியவில்லை.

"அத எடுக்கறப்ப கதவ உள்ள பூட்டிக்குங்க டாக்டர்" என்றாள். "நான் வாசல்ல உக்காந்துக்கறேன்."