சாட்சி நேரத்தில் தங்கை சொன்னது

மூன்று வருடங்களுக்கு முன்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை. எங்கள் ஊரான அசாம் ஜாவாவின் சின்ன சபையில் சாட்சி நேரம். ஆண்டவர் செய்த நன்மையை யார் வேண்டுமானாலும் எழுந்து சொல்லலாம். அம்மா எழுந்தார்.

"என் சின்ன மக புஞ்சாக் ஆலாம் யூனிவர்சிட்டியில கேன்சருக்கு மருந்து கண்டுபுடிக்கிறா. அவ மருந்துலயே எனக்குச் சொகமாயிரும். கீமோ வேணாம்னு டாக்டர்கிட்ட சொல்லிட்டேன்."

சபையே "அல்லேலூயா" என்றது. எனக்கு வயிறு எரிந்தது.

எரியாமல் என்ன செய்யும்? அம்மாவுக்கு மார்பில் கட்டி என்று தெரிந்த நாளிலிருந்து மருத்துவமனைக்கும் வீட்டுக்கும் அலைந்தது மூத்தவள் நான். ரவாங் தொழிற்சாலையில் லீவு கேட்டுக் கேட்டு சூப்பர்வைசரிடம் கெட்ட பெயர் வாங்கியது நான். ஆபரேஷனுக்குப் பிறகு கஞ்சி வைத்ததும், கீமோ எடுத்தே ஆக வேண்டும் என்று வாரக்கணக்கில் கெஞ்சியதும் நான்தான். தங்கை வார இறுதியில் வருவாள். அவள் கார் சத்தம் கேட்டதுமே அம்மா எழுந்து உட்கார்ந்து தலை வாரிக்கொள்வார். எனக்காக ஒருநாளும் வாரியதில்லை.

அவள் தன் ஆராய்ச்சியை அம்மாவுக்கு விளக்கிய விதத்தையும் சொல்லவேண்டும். நம் செல்லுக்குள் மைக்ரோ ஆர்.என்.ஏ என்று மிகச் சிறிய துணுக்குகள் இருக்கின்றனவாம்.

"எஸ்டேட்ல ஆளுங்கள வேலை வாங்குற மண்டோர் மாதிரிம்மா. எந்த ஜீன் வேலை செய்யணும், எது சும்மா நிக்கணும்னு அதுதான் பாக்கும். மண்டோர் தப்புப் பண்ணா கேன்சர் வளரும். ரத்தத்துல அதோட அளவு மாறுறத வச்சு நோயை முன்னாலயே கண்டுபுடிக்க முடியுமான்னு பாக்குறோம். ஒருநாள் அந்த மண்டோரையே அடக்குற மருந்தும் வரலாம்."

பாதி வாழ்க்கை ரப்பர் எஸ்டேட்டில் பால்மரம் வெட்டிய அம்மாவுக்கு இது பளிச்சென்று புரிந்தது. கடைசியில் சொன்ன 'ஒருநாள்', 'வரலாம்' இரண்டும் மட்டும் காதில் விழவில்லை.

சபை முடிந்து வீட்டுக்கு வந்ததும் தங்கைக்குப் போன் போட்டுக் கத்தினேன். "உன் பெருமைக்கு அம்மா சாகணுமா? நான் சொன்னா கேக்க மாட்டேங்குறாங்க. நீயே வந்து சொல்லு." அவள் அழுதாள். எனக்கு அது கொஞ்சம் இனிக்கவும் செய்தது.

அடுத்த ஞாயிறு வந்தாள். வீட்டில் அம்மாவைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்வாள் என்று நினைத்தேன். அவளோ சபைக்கு வந்து, சாட்சி நேரத்தில் எழுந்து நின்றாள். சுகமானதை, வேலை கிடைத்ததைத்தான் அங்கே சொல்வார்கள். முடியாமல் போனதை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை.

"நான் எந்த மருந்தும் கண்டுபுடிக்கல," என்றாள். "எங்க லேப்ல இருக்குறது ரத்த சாம்பிள்தான். அது மருந்தாக எத்தன வருஷம் ஆகும்னு யாருக்கும் தெரியாது. ஆகாமலும் போகலாம். அதுக்காகக் காத்திருந்தா எனக்கு அம்மா இருக்க மாட்டாங்க. அம்மா, அக்காகூட கீமோவுக்குப் போங்க லா."

யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. போதகர் பைபிளைப் புரட்டிக்கொண்டிருந்தார். அம்மா அவளையே பார்த்தார். பிறகு என் பக்கம் திரும்பி, "எப்போ போகணும்?" என்று கேட்டார்.

நான் தொண்டை வற்றக் கெஞ்சியும் நடக்காதது, அவள் வாய் திறந்ததும் நடந்துவிட்டது. ஆராதனை முடிந்ததும் எல்லோரும் அவளைக் கட்டிப்பிடித்து அழுதார்கள். கண்டுபிடிக்கவில்லை என்று சொன்னதற்கும் பேர் அவளுக்குத்தான்! நான் வெளியே போய் கார் ஏசியைப் போட்டு வைத்து அம்மாவுக்காகக் காத்திருந்தேன்.

அம்மா கீமோ எடுத்தார். முடி கொட்டியது, வாந்தி எடுத்தார், என்னைத் திட்டினார், பிழைத்துக்கொண்டார். இப்போது முடி நன்றாக வளர்ந்துவிட்டது. சனிக்கிழமை ஆனால் அதை வாரிக்கொண்டு தங்கையின் காருக்காக வாசலைப் பார்க்கிறார். யார் விசாரித்தாலும், "சின்னவதான் என்னக் காப்பாத்துனா" என்கிறார். பக்கத்தில் நிற்கும் எனக்கு ஒவ்வொரு முறையும் சுருக்கென்கிறது. அம்மா வாயால் அதைக் கேட்டு இன்னும் பல வருடங்கள் என் வயிறு இப்படியே எரிய வேண்டும் என்பதுதான் இன்று என் ஜெபம்.