கிளிஃபோர்டின் பீன்ஸ் குழி

ஹாலிஃபாக்ஸில் ரயில் பாதைக்குப் பின்னால் நகராட்சி வாடகைக்கு விடும் தோட்டத் துண்டுகளில், கிளிஃபோர்ட் ஆக்டனுடையது என்னுடையதற்கு அடுத்தது. அக்டோபர் பிறந்தால் எல்லோரும் அடுத்த வருடத்து பீன்ஸ் கொடிக்கு நீளமாகக் குழி வெட்டுவோம். காய்கறித் தோல், பழைய செய்தித்தாள், கிழிந்த கம்பளிச் சட்டை எல்லாம் அதற்குள் போகும். நிறைந்ததும் மண்ணைத் தள்ளி மூடிவிட்டால் குளிர்காலம் முழுக்க அது பாட்டுக்கு மக்கிக் கிடக்கும். அதன் பிறகு மார்ச் வரை ஒருவரும் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டோம்.

மனைவி ஈனிட் இருந்தவரை கிளிஃபோர்டின் குழி இரண்டே வாரத்தில் நிறைந்துவிடும். அவள் போன பிறகு அவர் தினமும் ஒரு சின்னப் பாத்திரத்தோடு வருவார். உள்ளே ஒற்றை உருளைக்கிழங்கின் தோலும் கொஞ்சம் டீத்தூளும் இருக்கும். குழியில் கொட்டிப் பரப்பி, நனைத்த காகிதம் ஒன்றை மேலே போட்டுவிட்டு, அங்கே கிடக்கும் மரப்பெட்டி மேல் உட்கார்ந்து இருட்டும்வரை என்னோடு மழையைப் பற்றியும் நத்தையைப் பற்றியும் பேசிக்கொண்டிருப்பார்.

"இந்தக் கணக்குல போனா இந்த கிறிஸ்துமஸ் இல்ல, அடுத்த கிறிஸ்துமஸுக்குத்தான் நிறையும்," என்று ஒருநாள் சீண்டினேன்.

"நிறைஞ்சா நான் எங்க போறது, வின்னி? மூடிட்டா அப்புறம் வீடுதான். எதிர்த்தாப்ல அவ நாற்காலி. அதையே பாத்துக்கிட்டு உக்காரணும்."

எனக்குச் சிரிப்பு நின்றுவிட்டது. அதற்குப் பிறகு குழியைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

தோட்டச் சங்கத்தின் செயலாளர் டொரீன் சக்டன் நல்லவள். அவளிடம் அதுதான் தொந்தரவு. நவம்பரில் சங்கத்தார் சுற்றி வரும்போது, வேலை முடியாத துண்டைப் பாதியாக்கிப் புதியவர்களுக்குக் கொடுப்பது வழக்கம். கிளிஃபோர்டுக்கு அப்படி நடந்துவிடக் கூடாது என்று டொரீன் முடிவு செய்துவிட்டாள். நான் காய்ச்சலில் படுத்திருந்த சனிக்கிழமை பார்த்து, பள்ளிக்கூடச் சமையலறையிலிருந்து மூட்டை மூட்டையாகத் தோல் கொண்டுவந்து, நாலு பேரைச் சேர்த்து, குழியை நிரப்பி மூடி மட்டமும் செய்துவிட்டாள். நான் எழுந்து நடமாடியிருந்தால் மூட்டையோடு அவளைத் துரத்தியிருப்பேன்.

மறுநாள் நான் போனபோது கிளிஃபோர்ட் பாத்திரத்தோடு நின்றுகொண்டிருந்தார். பக்கத்தில் டொரீன்.

"இனிமே உன் துண்டு மேல எவனும் கை வைக்க முடியாது, கிளிஃப். நிம்மதியா வீட்ல கணப்புப் பக்கத்துல கால நீட்டி உக்காரு."

அவர் தொப்பியைக் கழற்றினார். "ரொம்ப உபகாரம், டொரீன். எனக்காக இவ்வளவு சிரமப்பட்டிருக்கீங்க."

அவள் முகமெல்லாம் சிரிப்போடு போனாள். அவர் கையிலிருந்த தோலை எங்கே கொட்டுவது என்று இங்கும் அங்கும் பார்த்தார். பிறகு பாத்திரத்தை மூடி வீட்டுக்கே எடுத்துக்கொண்டு போனார். எனக்கு டொரீன் மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அழுகையும் வந்தது.

திங்கட்கிழமை மழை. யாரும் வரமாட்டார்கள் என்று நினைத்து, என் துண்டில் இருக்கும் கொட்டகையைப் பூட்டத்தான் போனேன். கிளிஃபோர்ட் இருந்தார். துண்டின் மறுகோடியில் இரண்டு முளை அடித்துக் கயிறு கட்டி, கோட் நனைய நனைய மண்ணை வெட்டிக்கொண்டிருந்தார். பாத்திரம் பெட்டி மேல் இருந்தது.

"இது எதுக்கு?"

"பட்டாணிக்கு."

"பட்டாணிக்கு யாரும் குழி வெட்டுறதில்லையே."

"தெரியும்," என்றார். நிமிரவில்லை. இன்னொரு வெட்டு மண்ணை வெளியே தள்ளிவிட்டு, "டொரீன்கிட்ட சொல்லிடாத," என்றார்.

நான் கிட்டே போய்க் குழியை எட்டிப் பார்த்தேன். முழங்கால் அளவுகூட வரவில்லை.

"சொல்லமாட்டேன். ஆனா இது பத்தாது," என்றேன். "இன்னும் ஆழமா வெட்டுங்க."