பஸ் கைமாறிய பிறகு

மலையகத்தில், பதுளைக்கும் கொஸ்லந்தைக்கும் இடையே எங்கள் பஸ் ஒன்று ஓடியது. தேயிலைத் தோட்டத்தில் கங்காணியாக இருந்த மாமனார் விட்டுப்போனதையும் என் நகைகளையும் போட்டு என் கணவர் வாங்கியது. தனியார் பஸ்களையெல்லாம் அரசாங்கம் எடுத்துக்கொள்ளப் போவதாக வானொலியில் சொன்னபோது நான் மாவு சலித்துக்கொண்டிருந்தேன். சலித்து முடித்தேன்.

ஒப்படைக்கும் நாளில் அவரே பஸ்ஸை ஓட்டிப்போனார். மற்ற பஸ்களோடு வரிசையில் நிறுத்தி, சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு நடந்தே திரும்பினார்.

"சோறு ஆச்சா?" என்றார்.

சாப்பிட்டோம். அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை.

எங்களிடம் டிரைவராக இருந்தவர் அடுத்த வாரம் காக்கிச் சட்டையில் வந்து வாசலிலேயே நின்றார்.

"மொதலாளி, என்னைய அதே பஸ்ஸுக்கே போட்டுட்டாங்க. மாசச் சம்பளம்."

"நல்லதுதானே. உள்ள வாங்க, டீ குடிங்க" என்றார் என் கணவர்.

கொழுந்து பறிக்கும் பெண்களுக்கும் சந்தோஷம்தான். ஆள் நிறையும்வரை எங்கள் பஸ் கொஸ்லந்தையில் காத்துக் கிடக்கும். இப்போது நேரத்துக்குக் கிளம்பியது. அதை நான் இல்லையென்று சொல்ல முடியாது.

பதுளைக் கடைத்தெருவில் என் தம்பிக்குத் துணிக்கடை. மேல்மாடி கட்டிக்கொண்டிருந்தான். சுவர் இடுப்பளவு எழும்பியபோது மேசனை நிறுத்திவிட்டான்.

"ஏன்டா நிறுத்திட்ட?" என்று கேட்டேன்.

"இன்னைக்கு பஸ்ஸு, நாளைக்கு எதுன்னு யாருக்குக்கா தெரியும்? கட்டிக் குடுத்துட்டு நிக்கவா?"

துணிக்கடையை யாரும் கேட்டு வரவில்லை. ஆனாலும் அவன் சரக்கெடுப்பதைக் குறைத்தான், அலமாரிகள் காலியாகின. ஒருநாள் கடையை விற்றுவிட்டுக் குடும்பத்தோடு கப்பலேறித் திருச்சிக்கே போய்விட்டான். வழியனுப்பிவிட்டு வந்து துணி துவைத்தேன்.

நஷ்டஈடு பிற்பாடு வந்தது. "ஒரு லாரி பார்க்கலாங்க" என்றேன்.

"வேணாம். எதுவா இருந்தாலும் நம்ம பேர்ல வேணாம்."

கோபமாகச் சொல்லவில்லை, மழை வருகிறது என்பதுபோலச் சொன்னார். அந்தப் பணம் பாங்கிலேயே கிடந்தது. அவர் ஒரு மரக்கறி மண்டியில் நிறுவைக்காரராகச் சேர்ந்தார். மண்டிக்காரர் பங்குக்குக் கூப்பிட்டபோது, "சம்பளமே போதுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த முட்டைக்கோவா மூட்டையைத் தராசில் ஏற்றினாராம். அன்று மாலை என்னிடம் சொன்னார். நான் மாவு சலிக்க உட்கார்ந்தேன்.