மரப்பொந்துத் தேரை

சேதுபதிக்குக் கொசு ஒழிப்பு வேலை. முதுகில் எண்ணெய் டின், கையில் பம்பு. தேங்கிய தண்ணீரில் எண்ணெய் படர்ந்தால் கொசுப்புழு மூச்சுவிட முடியாமல் சாகும். மரப்பொந்து என்றால் சிமெண்டு வைத்து அடைத்துவிட வேண்டும். ஐம்பதுகளின் கடைசியில், சிங்கப்பூரின் வடக்கே சதுப்புக் காட்டை ஒட்டிய லைன் வீடுகளில் நாங்கள் அவருக்குப் பக்கத்து வீடு. வேலையில் கெட்டிக்காரர். வாய்தான் ஓட்டை.

ஒருநாள் அடைக்கப் போன பொந்தில் கட்டைவிரல் அளவில் ஒரு தவளை உட்கார்ந்திருந்தது. பட்டை நிறம், மேலெல்லாம் சுண்ணாம்புப் புள்ளி. பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்த லீலா அந்தக் காட்டில் மாதக்கணக்காகத் தேடியது இதைத்தான்.

"தண்ணிக்கு மேல, மரச்சுவர்ல முட்டைய ஒட்டி வைக்கும் அண்ணே. குஞ்சு பொரிஞ்சா நேரா தண்ணியில விழும். இந்தப் பொந்து போச்சுன்னா அவ்வளவுதான்" என்றாள்.

மேற்பார்வையாளரிடம் பேசி அந்த ஒரு பொந்தை விட்டுவைக்க அனுமதி வாங்கினாள். கொசுப்புழுவை டீ வடிகட்டியால் அள்ளி எடுப்பது சேதுபதியின் பொறுப்பு.

மனுஷனுக்குத் தலைகால் புரியவில்லை. குழாயடியில், ஞாயிற்றுக்கிழமை தேக்கா சந்தைக்குப் போகும் பஸ்ஸில், "நம்ம பொந்துல ஒரு தேரை இருக்கு. லேசுல கெடைக்காத தேரை லா!" என்று அளந்தார். தவளை என்றே சொல்லியிருக்கலாம். கல்லிலும் மரத்திலும் ஒடுங்கிக் கிடப்பதை ஊரில் தேரை என்றே சொல்லிப் பழக்கம்.

அந்தச் சமயம் கடைசி வீட்டு மங்களத்தின் ஒன்றரை வயது மகன் இளைத்துக்கொண்டே போனான். கைகால் குச்சி, வயிறு மட்டும் பானை. தேக்காவில் தாயத்துக் கட்டுபவர் பார்த்ததுமே, "தேரை விழுந்திருக்கு. அது பட்டா பிள்ளை இப்படித்தான் வத்திப்போகும். வீட்டுப் பக்கம் தேரை உண்டா?" என்று கேட்டுவிட்டார். அப்புறம் சொல்ல வேண்டுமா?

"அது தேரை இல்ல மங்களம், தவளை" என்றார் சேதுபதி.

"நேத்து வரைக்கும் தேரைன்னு நீங்கதானே சொன்னீங்க? இப்ப எம்புள்ள சாகப்போறப்ப தவளையாயிடுச்சா?"

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். இங்கே நுணல் வாயே திறக்கவில்லை.

லைன் வீட்டுப் பெண்கள் திரண்டு மேற்பார்வையாளர் வாசலில் போய் நின்றார்கள். அடைக்கச் சொல்லி உத்தரவு வந்தது. லீலா அப்போது மலாயாவில் இருந்தாள். பொந்துக்குள் முட்டை இருந்தது. சேதுபதி பால் டின்னில் வழித்தெடுக்கப் பார்த்தார். முட்டையைச் சுற்றிய கூழ் கையோடு கிழிந்தது. சிமெண்டைப் பூசிவிட்டு வந்தவர் அன்று சாப்பிடவில்லை. எனக்கு மங்களத்தின் மேல் கோபம் வந்தது. பிள்ளையைப் பார்த்ததும் அது போய்விட்டது.

அதே வாரம் அரசாங்க மருந்தகத்தில் பிள்ளைக்கு வயிற்றுப் பூச்சிக்கு மருந்து கொடுத்தார்கள். நன்றாகச் சதை பிடித்தான். நல்ல பேர் என்னவோ சிமெண்டுக்கு.

மழைக்காலத்தில் லீலா திரும்பி வந்தாள். அடைத்த இடத்தைத் தடவிப் பார்த்தாள்.

"மத்த மரமெல்லாம் பாத்துட்டேன்மா. எதுலயும் இல்ல" என்றார் சேதுபதி.

அதற்குள் மங்களம் மகனோடு ஓடி வந்து அவனை அவள் கையில் கொடுத்தாள். "இவனுக்காகத்தான் மிஸ் அதை மூடச் சொன்னோம். பாருங்க, எப்படி இருக்கான்னு!"

லீலா வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

"நல்ல கனம்" என்றாள்.