பச்சோந்திக்குப் பிடித்த சளி

என் கணவருக்குக் கரிசனை என்றொரு சாமான் இருப்பதே, கலியாணம் கட்டி ஏழு வருடம் கழித்து, ஒரு பச்சோந்தியின் புண்ணியத்தில்தான் எனக்குத் தெரியவந்தது.

அவரோடு தொழிற்சாலையில் வேலை செய்த ஒருவன் வன்கூவருக்குப் போகும்போது அந்தப் பிராணியைக் கம்பிவலைக் கூட்டோடு இவர் தலையில் கட்டிவிட்டுப் போனான். டொரொன்டோவில், வோபர்ன் பக்கத்தில் இருந்த எங்கள் அப்பார்ட்மென்ட் ஹோலில், பல்கனிக் கதவுக்குப் பக்கத்தில் கூட்டை வைத்தோம். கிளையைப் பிடித்தபடி ஒரு கண்ணால் ரிவியையும் மறு கண்ணால் என்னையும் பார்த்துக்கொண்டிருக்கும். அந்த வீட்டில் என்னை அவ்வளவு நேரம் பார்த்தது அது ஒன்றுதான். அதற்குத் தீனி போடுவதும் கூடு துடைப்பதும் என் வேலையாயிற்று.

மார்கழியில் அதற்குச் சளி பிடித்தது. மூக்கை மேலே தூக்கி, வாயைப் பிளந்து, கீச்சுக் கீச்சென்று மூச்சு விட்டது. வாயோரத்தில் நுரை. கணவர் பதறிப்போனார். சளி என்றால் எங்கள் ஆட்களுக்குத் தெரிந்ததெல்லாம் வேது பிடிப்பதுதானே? குளியலறைத் திரையைக் கழற்றிக் கூட்டைச் சுற்றி மூடினார். உள்ளே ஆவி பறக்கும் கொதிதண்ணீர்ச் சட்டி, அதில் நெஞ்சுக்குப் பூசும் தைலம் இரண்டு கரண்டி. ஜன்னல் இடுக்குகளில் துவாய் திணித்தார். இரண்டு நாளில் அது கண்ணையே திறக்காமல் கிடந்தது.

மூன்றாம் நாள் லீவு போட்டார். லீவு! அதை ஒரு சின்னப் பெட்டியில் போட்டு, பெட்டியை என் குளிர்கோட்டுக்குள் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மிருக வைத்தியரிடம் பஸ்ஸில் போனோம். வழி முழுக்க எனக்கு வயிறு எரிந்தது.

இந்த நாட்டில் எங்கள் முதல் குளிர்காலத்தில் சென் ஜேம்ஸ் ரவுணில் ஓர் அறையில் இருந்தோம். எனக்கு நியூமோனியா வந்தது. கட்டில் ஜன்னலோடு ஒட்டிக் கிடந்தது. இடுக்கால் வரும் காற்று நேரே என் முதுகில்தான் விழும்.

"இஞ்சாருங்கோ, கட்டிலை ஒருக்கா அந்தப் பக்கம் தள்ளி விடுங்கோவன்" என்றேன்.

"பிறகு பாப்பம். குளிசை ரெண்டைப் போட்டிட்டுப் படும்" என்றார்.

அடுத்த நாளும் கேட்டேன், அதற்கடுத்த நாளும் கேட்டேன். பங்குனி வரைக்கும் கட்டில் அசையவில்லை. டொக்டரிடம் தனியாகத்தான் நடந்து போனேன். வேது என்ன, சுடுதண்ணீர்கூட நானே எழும்பிக் கொதிக்க வைத்துக் குடித்தேன். அவர் அதை மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை.

வைத்தியர் ஓர் இளம் வெள்ளைக்காரி. திரையையும் தைலத்தையும் பற்றிக் கேட்டதும் தலையில் கை வைக்காத குறை. புழுங்கிய காற்றுத்தான் நெஞ்சை இன்னும் கெடுத்தது, கூட்டுக்குள் காற்றோட்டம் வேண்டும் என்றாள். மேல் கிளையில் விளக்கின் சூடு, கீழே குளிர்மை. வேண்டிய இடத்தை அது தானே தேடிக்கொள்ளும். காலையும் மாலையும் இலைகளில் தண்ணீர் தெளித்து, இடையில் நன்றாகக் காய விட வேண்டும். புகை ஆகாது, குளிர்காற்று நேரே படக்கூடாது. தினமும் ஒரு தரம் மருந்து.

கணவர் எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார். எழுதியது அவர், செய்தது நான். மாலையில் பக்கத்து ஊரான மார்க்கத்துக்கு ஒஃபிஸ் கிளீனிங்குக்குப் போகும் வரை பகலெல்லாம் வீட்டில் நிற்பவள் நான்தானே. விளக்கை உயர்த்தியதும் இறக்கியதும், வாயை மெல்லத் திறந்து மருந்து விட்டதும் இந்தக் கைகள்தான். புகை ஆகாது என்பதால் தூளுக்கு மிளகாய் வறுப்பது பல்கனிக்குப் போனது. தை மாதத்தில் குளிர்கோட்டும் சப்பாத்துமாக நின்று செத்தல் மிளகாய் வறுத்த ஒரே பெண் டொரொன்டோவில் நானாகத்தான் இருக்க வேண்டும். நெடி ஒரு பக்கம், குளிர் ஒரு பக்கம். இருமல் என்னைப் பிடித்துக்கொண்டது.

ஒரு நாள் காலையில் விளக்கைப் போட்டதும் அது மேல் கிளைக்கு ஏறியது. கறுத்துக் கிடந்த உடம்பு பச்சைக்குத் திரும்பியது. நான் நீட்டிய பூச்சியை நாக்கை எறிந்து இழுத்துக்கொண்டது. எனக்குச் சந்தோசமாக இருந்தது. சந்தோசப்பட்டுவிட்டேனே என்று என் மேலேயே எரிச்சலும் வந்தது.

கீச்சுச் சத்தம் மட்டும் முற்றாகப் போகவில்லை. எங்கோ குளிர்காற்றுப் படுகிறது என்றார் கணவர். ஒரு ஞாயிறு மத்தியானம் தையல் நூலொன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வீடெல்லாம் நடந்தார். நூல் ஆடினால் அங்கே காற்று வருகிறதாம். பல்கனிக் கதவடியில் ஆடியது. சோபாவுக்குப் பின்னாலும் ஆடியது. படுக்கையறையில், உள்சுவரோடு நான் படுக்கும் பக்கத்தில் மட்டும் அசையாமல் நின்றது.

"உதுதான் சரியான இடம். கட்டிலை ஜன்னலடிக்குத் தள்ளிப்போட்டு, கூட்டை இதிலை வைப்பம்."

"அப்ப ஜன்னலோடை ஆர் படுக்கிறது?"

"நீர் எப்பவும் சுவர்ப்பக்கம்தானே. நான் விடிய எழும்பிறனான், எனக்குக் கரைதான் வசதி."

சொல்லிக்கொண்டே இடுப்பைக் கொடுத்துத் தள்ளினார். கட்டில் நகர்ந்தது. ஐந்து நிமிடம்கூடப் பிடிக்கவில்லை. அது அவ்வளவு லேசான வேலை என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

கூட்டைக் கொண்டுவந்து வைத்து, அதன் முன்னால் குந்தினார். நான் கட்டிலில் விரிப்பை விரித்தேன். குனிந்தபோது இருமல் வந்தது, ஒன்றன்பின் ஒன்றாக.

"அங்காலை திரும்பி இருமும்," என்றார், கூட்டிலிருந்து கண்ணை எடுக்காமல். "இப்பத்தான் அது தேறி வருது."

நான் ஜன்னல் பக்கம் திரும்பி இருமினேன்.