ரம்புத்தான் மரத்தில் பதினோரு இசைத்தட்டுகள்

அறுபத்தேழு வயது வரை அய்யாவு சொன்னதற்கு யாரும் காது கொடுத்ததில்லை. கடைசியில் இருபது பேர் உட்கார்ந்து கேட்பதாகச் சொன்னார்கள். அதற்கு ஒரு வாரம் இருக்கும்போதுதான் தன் இசைத்தட்டுகள் எல்லாம் வீட்டு ரம்புத்தான் மரத்தில் பளபளவென்று ஆடிக்கொண்டிருப்பதைப் பார்த்தார்.

ஆள் யாரென்று முதலில் சொல்லிவிட வேண்டும். ஜொகூரில் சாஆ பக்கம் ஒரு செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் பிறந்தவர். ஐந்தாம் படிவத்தோடு படிப்பு முடிந்தது. பிறகு இருபத்தாறு வருடம், வெயிலோ மழையோ, மோட்டார் சைக்கிளில் காஸ்வே என்கிற கடல் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூர் ஓட்டல் ஒன்றில் பரிமாறினார். அந்த ஓட்டலில் மாலையில் ஒரு ஜாஸ் குழு வாசிக்கும். கூட வேலை பார்த்தவர்களுக்கு அது ஏசி சத்தம் மாதிரி, இருந்தால் இருக்கட்டும். இவருக்கோ சாக்ஸபோன்காரர் எந்த இடத்தில் மூச்செடுக்கிறார் என்பது வரைக்கும் அத்துப்படி. சூப்பை ஆறவிட்டதற்காக இரண்டு முறை எச்சரிக்கைக் கடிதமும் வாங்கியிருக்கிறார்.

வேலையை விட்ட வாரமே அந்தப் பெட்டியை வாங்கினார். பீபாப் என்கிற வேகமான ஜாஸைத் தொடங்கி வைத்த அமெரிக்க சாக்ஸபோன் கலைஞர்களில் ஒருவர் பதிவு செய்த அத்தனையும் அதில் இருந்தன. மொத்தம் பதினோரு சிடி தட்டுகள். அத்தனையும் என்றால் நன்றாக வந்தவை மட்டும் இல்லை, நின்றுபோனவையும் சேர்த்து. அதில் ஒரு பாட்டை ஒரே பிற்பகலில் ஐந்து முறை வாசித்திருப்பார்கள். முதல் டேக், அதாவது முதல் பதிவு, பாதியில் அறுந்துவிடும். இரண்டாவது, மூன்றாவதும் அப்படியே. நான்காவது ஒருவழியாக முடியும், ஆனால் பயந்து பயந்து. ஐந்தாவதுதான் உலகத்துக்குத் தெரிந்தது.

அய்யாவுவின் உயிர் அந்த முதல் நான்கில் இருந்தது. அவ்வளவு பெரிய மனிதர் எந்த இடத்தில் தடுக்கினார், அடுத்த முறை அதே இடத்தை எப்படித் தாண்டினார் என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். இதை யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்று ஏழு வருடமாக ஏங்கினார். மனைவி பிரேமலாவிடம் ஆரம்பித்தால் அவர் அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார். மகள் ரூபினி போனைப் பார்ப்பாள்.

ஜொகூர் பாருவில் மதிவாணன் என்பவர் ஒரு காப்பிக்கடை வைத்திருக்கிறார். ஞாயிறு மாலையில் அங்கே இசைப் பிரியர்கள் கூடுவார்கள். ஒரு நாள் மதிவாணன் பேச்சில் ஒரு தவறை அய்யாவு திருத்தப்போக, அடுத்த ஞாயிறு நீங்களே வந்து பேசுங்கள் லா என்று அவர் கேட்டுவிட்டார். ஐந்து டேக்கையும் வரிசையாகப் போட்டுக் காட்டுகிறேன் என்று அய்யாவு துள்ளிக்கொண்டு உலு திராமில் இருக்கும் வீட்டுக்கு வந்தார். மூன்று மாதமாக ரிப்பேரில் கிடந்த சிடி பிளேயரையும் வழியில் வாங்கி வந்தார். பெட்டியைத் திறந்தார். காலி.

விசாரித்ததில் நடந்தது இதுதான். பிளேயர் கெட்டுப்போன சமயம், அப்பா காரில் கேட்கட்டுமே என்று ரூபினி எல்லாத் தட்டுகளையும் ஒரு தம்ப் டிரைவில் ஏற்றினாள். ஏற்றியாகிவிட்டதே, இனி தட்டு எதற்கு என்று பிரேமலா அவற்றை இரண்டு மூன்றாக ராஃபியா பிளாஸ்டிக் கயிற்றில் கோத்து, ரம்புத்தான் பழத்தைத் தின்ன வரும் பறவைகளை விரட்ட மரத்தில் கட்டிவிட்டார். ஒன்றோடொன்று உரசி, வெயிலில் காய்ந்து, மழையில் ஊறி, ஒரு தட்டுகூடப் பாடவில்லை.

அய்யாவு கத்தவில்லை. அதுவரை தொட்டுப் பார்க்காத தம்ப் டிரைவாவது இருக்கிறதே என்று அதைப் போட்டுப் பார்த்தார். அந்தப் பாட்டு ஒரே ஒரு முறைதான் இருந்தது.

"ஒரே பாட்டு அஞ்சு தடவை இருந்துச்சுப்பா," என்றாள் ரூபினி. "டூப்ளிகேட்னு அழிச்சிட்டேன். நல்லா முடிஞ்சதை மட்டும் வச்சிருக்கேன்."

இதற்காக அவள் மூன்று சனிக்கிழமை உட்கார்ந்தாளாம். அன்பாகச் செய்த காரியத்தை எப்படித் திட்டுவது? திட்ட முடியாத கோபம்தான் மனிதனை வதைக்கும். போனில் தேடினார், அங்கேயும் ஐந்தாவதுதான் வந்தது. கடை கடையாக அலைந்தார். அந்தப் பெட்டி இப்போது விற்பனையில் இல்லை என்றார்கள். வாரம் முழுக்க பிரேமலாவோடு ஒரு வார்த்தை பேசவில்லை.

ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை பிரேமலா பட்டுப் புடவை கட்டிக்கொண்டு கூடவே வந்து கடைசி வரிசையில் உட்கார்ந்தார். இருபத்து மூன்று பேர் இருந்தார்கள். அய்யாவு ஐந்தாவது டேக்கைப் போட்டார். கேட்டவர்கள் தலையாட்டி, கை தட்டினார்கள். அவருக்கு எரிச்சலாக வந்தது. ஜெயித்ததை மட்டும் கேட்டுவிட்டுத் தட்டும் கையை வைத்துக்கொண்டு என்ன செய்வது? இதற்கு முன்னால் இவர் மூன்று முறை விழுந்து, நான்காவதில் தட்டுத்தடுமாறி எழுந்திருக்கிறார், அதைக் கேட்டால்தான் இது புரியும் என்றார். கேட்க வைக்க வழி இல்லை. மைக்கை அருகே இழுத்தார். பிறகு கண்ணை மூடி, முதல் டேக்கை வாயாலேயே பாடத் தொடங்கினார்.

குரல் சுமார்தான். ஆனால் ஒரு சுரம்கூடப் பிசகவில்லை. சாக்ஸபோன் அறுந்த இடத்தில் டக்கென்று நிறுத்தினார்.

கூட்டத்துக்குப் பாவமாகிவிட்டது. யாரோ ஆறுதலாகக் கை தட்ட, எல்லோரும் சேர்ந்துகொண்டார்கள். முன்வரிசைப் பெண் ஒருத்தி, "பரவால்ல அங்கிள், மெதுவா யோசிச்சுப் பாடுங்க," என்றாள். மறக்கவில்லை என்று அவர் சொன்னது கைதட்டலில் அமுங்கிப்போனது. இரண்டாவதைப் பாடினார். அது நின்ற இடத்தில் இன்னும் பலமாகத் தட்டினார்கள். மதிவாணன் ஒரு கிளாஸில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். அய்யாவு கிளாஸைத் தொடவில்லை. நோட்டை மூடிவிட்டார்.

கடைசி வரிசையில் பிரேமலா எழுந்தார்.

"அவருக்கு ஒன்னும் மறக்கல. மொத தடவை அங்கதான் நிக்கும். ரெண்டாவதுல கொஞ்சம் தாண்டிப் போயி, ட்ரம்பெட்காரன் தப்பு பண்ணுவான். மூணாவதுல உள்ளேருந்து யாரோ விசில் அடிச்சு நிறுத்துவாங்க. கை தட்டாம கேளுங்க."

அய்யாவு மனைவியையே பார்த்தார். நன்றி சொல்ல வேண்டிய இடம் என்று அவருக்கே தெரிந்தது. வாரம் முழுக்க அடக்கி வைத்ததுதான் வெளியே வந்தது.

"இவ்வளவும் தெரிஞ்சுதானா கொண்டுபோய் மரத்துல கட்டுன?" என்று மைக்கிலேயே கேட்டார்.

பிரேமலா உட்கார்ந்துவிட்டார். யாரும் சிரிக்கவில்லை. அய்யாவு அந்தக் கோபத்தோடேயே மூன்றாவதைப் பாடினார். அது நின்ற இடத்தில் ஒருவரும் கை தட்டவில்லை.