மகராணிக்குத் தைத்த உறை

தையல்காரம்மாவுக்கு இருபத்திரண்டு வருஷமாக மெஷின்தான் உலகம். வீட்டின் முன்னறையில் கடை, பின்னால் கொட்டகை, கொட்டகையில் ஒரே ஒரு பசு. எப்போதும் தலையை நிமிர்த்திக்கொண்டு நடப்பதால் அதற்கு மகராணி என்று பெயர்.

அன்று காலை மகராணி கயிற்றை அறுத்துக்கொண்டு, பக்கத்து வயல் சோளத்துக்கு ஆசைப்பட்டு முள்கம்பி வேலியைத் தாண்டப் பார்த்தது. பின்காம்பு ஒன்று கிழிந்துவிட்டது. ரத்தமும் பாலும் கலந்து சொட்டுவதைப் பார்த்ததும் தையல்காரம்மா கையிலிருந்த துணியை மடித்துக் காயத்தில் அழுத்திப் பிடித்தாள். எத்தனை வழுக்கும் துணியானாலும் பிசகாமல் பிடிக்கிற கை அது.

வீட்டுக்காரர் எட்டிப் பார்த்த வேகத்திலேயே முகத்தைத் திருப்பிக்கொண்டார். ரத்தம் என்றாலே அவருக்கு ஆகாது.

"இனிமே இது கறவைக்கு ஆகாது போல. வித்துடலாமா?" என்றார் சுவரைப் பார்த்தபடி.

"முதல்ல வாயைக் கழுவுங்க. மாட்டு டாக்டருக்குப் போன் போடுங்க."

அரை மணி நேரத்தில் டாக்டர் வந்தார். சின்ன வயதுப் பெண். மகராணியின் முதுகைத் தட்டிக்கொடுத்து அவர் பேசிய பேச்சிலேயே அது அடங்கி நின்றது. மரத்துப்போக ஊசி போட்டு, காயத்தைக் கழுவி, பால் வடிவதற்காக மூடி போட்ட சின்னக் குழாய் ஒன்றைக் காம்புக்குள் செருகி, தைக்கத் தொடங்கினார். தையல்காரம்மா வாலைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் மட்டும் ஊசியை விட்டு நகரவில்லை.

"டாக்டர், தப்பா நினைக்காதீங்க. உள்ள ஒரு தையல், மேல ஒரு தையலா?"

"ஆமாக்கா. மேல மட்டும் தைச்சா உள்ளுக்குள்ள பால் கசிஞ்சு புண்ணு ஆறாது."

"அப்ப லைனிங் வச்சுத் தைக்கிற மாதிரி!"

டாக்டர் சிரித்த சிரிப்பில் ஊசியைக் கொஞ்சம் நிறுத்த வேண்டியதாயிற்று.

கிளம்பும்போது கண்டிப்பாகச் சொன்னார்: "பத்து நாளைக்கு இந்தக் காம்பைக் கையால பீச்சாதீங்க. காலையும் சாயங்காலமும் குழாய் மூடியைத் திறந்தா பால் தானா வடியும். ஈ, சாணி எதுவும் படக்கூடாது."

சொல்லிவிட்டுப் போய்விட்டார். மகராணி படுத்தால் மடி தரையில்தானே கிடக்கும்! இரண்டாம் நாளே காயத்தில் சாணி அப்பியிருந்தது. மருந்துத் தண்ணீரில் கழுவிவிட்டு, தையல்காரம்மா அளவு டேப்பை எடுத்து வந்தாள்.

"மாட்டுக்கு ஜாக்கெட்டா?" என்றார் வீட்டுக்காரர்.

"வேணும்னா உங்களுக்கும் ஒண்ணு தைச்சுத் தரேன். இப்ப வந்து கொம்பைப் பிடிங்க."

மடிக்கு முதலில் தைத்த உறை இறுக்கமாகிவிட்டது. மகராணி உதைத்தே அதை அவிழ்த்துப் போட்டது. அடுத்ததைப் பழைய பருத்திச் சேலையில் தளர்வாகத் தைத்து, நாடாக்களை முதுகின் மேல் கொண்டுவந்து முடிந்தாள். அந்த உறை நழுவாமல் நின்றது. மறுபடி வந்த டாக்டர் குனிந்து குனிந்து பார்த்தார்.

"காத்து போகுது, அழுக்கும் படல. தினமும் துவைச்சு மாத்துங்கக்கா, போதும்."

பதினோராம் நாள் தையல் பிரித்தார்கள். குழாயை எடுத்துவிட்டுப் பீச்சியதும் பால் சர்ரென்று பாத்திரத்தில் நேராக விழுந்தது. தையல்காரம்மா மகராணியின் வயிற்றில் நெற்றியைச் சாய்த்துக்கொண்டாள். இனி ரத்தம் இல்லை என்ற தைரியத்தில் வீட்டுக்காரரும் கிட்டே வந்து நின்றார்.

டாக்டர் பையை மூடினார். "அக்கா, பின்தெருவுல ஒரு ஆடு மடியைக் கிழிச்சுக்கிட்டு நிக்குது. அதுக்கும் ஒண்ணு தைச்சுத் தருவீங்களா?"

"அளவு எடுக்காம நான் எதையும் தைக்கிறதில்ல. வாங்க, போலாம்."

கடைக்கு வருகிறவர்களை வீட்டுக்காரர் சமாளிக்கட்டும் என்று விட்டுவிட்டு, அவள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள்.